கழிவுக் குழாயை நான் திருப்பிவிட்ட வாரம்

அந்த வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டேகால் மணிக்கு எங்கள் டயாலிசிஸ் யூனிட்டில் இருந்தவர்கள்: பொறுப்பு டெக்னீஷியன் நாகரத்னா மேடம், நான், நான்காம் படுக்கையில் மாதையன் அண்ணன், அவர் காலடியில் அவர் மனைவி கோவிந்தம்மாள் அக்கா. வெளியே பெஞ்சில் அதே ஷிஃப்டுக்கு வந்த இன்னும் மூன்று நோயாளிகள். இல்லாதவர்கள்: செவ்வாயும் வெள்ளியும் மட்டும் சேலத்திலிருந்து வருகிற சிறுநீரக டாக்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் பார்க்கிற சர்வீஸ்காரர், அன்று அவருக்கு ஓசூரில் வேலை, பிறகு மழை. கார்த்திகையில் போன மழை சித்திரை முடியப் போகிற நேரம்வரை எட்டிப் பார்க்கவில்லை.

இருந்தவர்களில் ஒருவனுக்கு மட்டும்தான் என்ன தவறு நடந்தது என்று தெரியும். அது நான்.

எனக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற மாதிரிக் கட்டுரை எழுத இது வயதில்லை. ஆனால் பதினோரு வருடம் செய்த வேலையைப் போன மாதம் விட்டுவிட்டேன். இனி டயாலிசிஸ் டிப்ளமோ படிக்கிறவர்களுக்குப் பாடம் எடுக்கப் போகிறேன். நான் படித்த அரசுப் பள்ளியின் உயிரியல் ஆசிரியை, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறுநீரகப் பாடம் நடக்கிறது, உன் அனுபவத்தை எழுதிக் கொடு என்று கேட்டார். உட்கார்ந்து பார்த்தால், மலையைச் சொல்லாமல் எனக்குச் சிறுநீரகத்தைச் சொல்ல வரவில்லை. நம் ஊரில் இரண்டும் ஒரே குழாயில் வருகின்றன.

முதலில் மலை. ஆனி, ஆடியில் அரபிக்கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. முட்டினால் அதற்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. மேலே போகப் போகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தையும் தாங்க முடியாது. அந்தப் பக்கத்துச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலை ஏறி இறங்கி நம்மிடம் வரும்போது அது பிழிந்த துணி. இறங்க இறங்கச் சூடாகி, இருக்கிற ஈரத்தையும் மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. இதைத்தான் புத்தகத்தில் மழை மறைவுப் பகுதி என்கிறார்கள். ஐப்பசியில் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற காற்றுக்கும் நடுவில் கிழக்குமலைகள் இருக்கின்றன. அவை உயரம் குறைவு. கொஞ்சம் பிடித்துக்கொண்டு கொஞ்சம் விடும். மற்றபடி, வெயில் காய்ந்த சாயங்காலங்களில் இடியோடு வருகிற மழைதான் நமக்கு. எங்கள் ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் நின்றால் வத்தல்மலைமேல் மேகம் உட்கார்ந்திருப்பது தெரியும். கீழே எங்கள் தொட்டி காலியாக இருக்கும்.

என் ஊர் மொரப்பூர்ப் பக்கம். அப்பா கல் உடைத்தார், அம்மா கூலி வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆறாம் வகுப்பிலேயே தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் முக்கால்வாசி மனு தண்ணீருக்குத்தான். ஆழத்துத் தண்ணீரில் கிடக்கிற ஃபுளோரைடால் என் முன்பற்கள் இரண்டிலும் பழுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. சேலத்தில் இரண்டு வருட டிப்ளமோவை ரயிலில் போய்ப் போய்ப் படித்து முடித்தேன். தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். வேலையை நான் கற்றது யூனிட்டில்.

நாகரத்னா மேடம் என்னைவிட இரண்டு வயது இளையவர். மாரண்டஹள்ளிக்காரர், வீட்டில் கன்னடம் பேசுவார்கள். இளையவர் என்பதால் முதல் நாள் நான் கொஞ்சம் அலட்சியமாகத்தான் போய் நின்றேன். அந்த அலட்சியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

காலையில் முதல் நோயாளியை உள்ளே விடுவதற்கு முன்னால் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் நிறம் மாறும். நீலம் என்றால் மென்னீர். சிவப்போ ஊதாவோ என்றால் கடினநீர். கடினநீர் இயந்திரத்துக்குள் போனால் நோயாளிக்குத் தலைவலி, வாந்தி, ரத்த அழுத்தம் எல்லாம் வரும். மற்ற இடங்களில் ஒருவர் பார்த்து ஒரு டிக் போடுவார். எங்கள் மேடத்தின் வழி வேறு. இரண்டு பேர் பார்க்க வேண்டும். பேசக் கூடாது. ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் நிறத்தை எழுதி, மடித்து மேஜையில் வைத்து, பிறகு இரண்டையும் ஒன்றாகப் பிரிக்க வேண்டும். ஒத்துப் போனால்தான் கதவு திறக்கும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, சீட்டைப் பிரித்தபோது இரண்டிலும் நீலம் என்று இருந்தது. அவர் குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அப்பட்டமான ஊதா.

"சக்தி, நீங்க கலரப் பாத்தீங்களா, என் பேனாவப் பாத்தீங்களா?"

அவர் பேனா போன வளைவைப் பார்த்துத்தான் நீலம் என்று எழுதியிருந்தேன். அவர் வேண்டுமென்றே தப்பாக எழுதியிருந்தார்.

"நான் பாத்ததையே நீங்களும் பாக்கறதுக்கு எனக்கு இன்னொரு ஆளு எதுக்குங்க? நான் ஏமாந்து போற அன்னைக்கு ஏமாறாம நிக்கறதுக்குத்தான் நீங்க."

அவ்வளவுதான் சொன்னார். குரல் உயரவில்லை. பதினோரு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கஷ்டமான நேரங்களில் மட்டும் உதட்டுக்குள் "ஒந்து, எரடு, மூரு" என்று கன்னடத்தில் எண்ணிக்கொள்வார். ஐந்துக்குள் ஒரு முடிவு வந்துவிடும். இன்னொரு பழக்கம்: எது கெட்டாலும் "யார் செஞ்சது?" என்று கேட்கவே மாட்டார். "என்ன மாறுச்சு?" என்றுதான் கேட்பார்.

மாதையன் அண்ணன் எங்களிடம் திங்களும் வியாழனும் வருவார். இருபது வருடம் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் துளை போட்டவர். எந்த ஊரில் எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் ஈரம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சர்க்கரை நோயில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். வந்ததும் எடை பார்ப்போம். கூடியிருந்தால் அவ்வளவும் உடம்பில் தங்கிய தண்ணீர்.

"மூணே முக்கால் கிலோ ஏறி இருக்குதுங்கண்ணா" என்பார் மேடம்.

"வந்துட்டாங்க டீச்சரம்மா. ஏனுங்க, ஆயிரம் அடிக்குக் கீழ இருந்த தண்ணியவே மேல கொண்டாந்தவன் நானு. என்கிட்ட ஒரு சொம்புக்குக் கணக்குக் கேக்கறீங்களே?"

"சொம்புன்னா ஒரு சொம்புங்களா?"

"பொய் சொல்லுது மேடம்" என்பார் கோவிந்தம்மாள் அக்கா. "மோருன்னு சொல்லி ரெண்டு, கஞ்சின்னு சொல்லி ரெண்டு."

"நீ எந்தக் கட்சி புள்ள?" என்பார் அண்ணன்.

பிள்ளைகளே, உங்கள் சிறுநீரகம் செய்கிற வேலையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் நூற்றெண்பது லிட்டர் திரவம் ரத்தத்திலிருந்து நெஃப்ரான் என்கிற நுண்குழாய்களுக்குள் வடிகிறது. வெளியே போகிற சிறுநீர் ஒன்றரை லிட்டர். மீதி நூற்றெழுபத்தெட்டரை லிட்டரையும் சிறுநீரகம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வடித்தது எல்லாவற்றையும் வெளியே கொட்டி, வேண்டியதை மட்டும் பொறுக்கித் திரும்ப எடுக்கிற முறை அது. இவ்வளவு மிச்சம் பிடிக்கிற உறுப்பு உடம்பில் வேறு இல்லை. அந்தக் குழாயில் கொண்டை ஊசி மாதிரி வளைகிற ஹென்லே வளைவின் ஒரு கை தண்ணீரை வெளியே விடும், உப்பை விடாது. எதிர்க்கை உப்பை வெளியே தள்ளும், தண்ணீரை விடாது. இரண்டும் எதிரெதிராக ஓடுவதால் வளைவு எவ்வளவு ஆழமோ அவ்வளவு செறிவு. பாலைவனத்து எலிகளுக்கு இந்த வளைவு நீளம், அதனால் சிறுநீர் சொட்டுக் கணக்குதான். மலை உயர உயர மழை கூடுவது மாதிரி, வளைவு நீள நீளத் தண்ணீர் மிச்சம்.

இந்த வேலையை வெளியில் இருந்து செய்கிற எங்கள் இயந்திரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நிமிடத்துக்கு அரை லிட்டர் சுத்தத் தண்ணீர் ரத்தத்துக்கு எதிர்த்திசையில், மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு நூற்றிருபது லிட்டர். அந்த நூற்றிருபது லிட்டரைப் பின்னறையில் இருக்கும் ஆர்.ஓ. பிளாண்ட், மெம்பரேன் என்கிற சவ்வு வழியாக அழுத்தி, உப்பைப் பிரித்து எடுத்துக் கொடுக்கும். எடுக்கும்போது ஏறக்குறைய அதே அளவு உப்புத் தண்ணீரைக் கழிவாக ஒதுக்கும். அது ஒரு குழாய் வழியாக நேரே சாக்கடைக்குப் போகும்.

அந்தச் சாக்கடைதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வருடம் சித்திரையில் ஆஸ்பத்திரி போர் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓடியது. நான் பஸ் இறங்கி வருகிற தெருவில் பெண்கள் வரிசையாகக் குடம் வைத்துக் காத்திருப்பார்கள். உள்ளே வந்தால், பளிங்கு மாதிரித் தண்ணீர் மணிக்கணக்கில் சாக்கடையில் விழுந்துகொண்டிருக்கும். ஒரு சொட்டுச் சிந்தினால் அம்மாவிடம் அடி வாங்கி வளர்ந்த கை இது. திங்கட்கிழமை மதியம், மேடம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கழிவுக் குழாயில் ஒரு ஹோஸ் மாட்டி, மறுமுனையைத் தரைத்தொட்டிக்குள் விட்டேன். போர் தண்ணீர் வந்து விழுகிற அதே தொட்டி. யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் இருக்கவில்லை. வாரக் கடைசியில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டு, ஒரே வார்த்தையில் சொல்லி மேடத்தை அசத்த வேண்டும் என்று ஆசை.

பிளாண்டின் முகப்பில் ஒரு மீட்டர் இருக்கிறது. சுத்தமான தண்ணீரில் எவ்வளவு உப்பு மிச்சம் என்று எண்ணாகக் காட்டும். எங்களுக்கு வழக்கம் பதினாறு, பதினேழு. இருபத்தைந்தைத் தாண்டினால் இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்பது மேடம் வைத்த சட்டம். செவ்வாய் பத்தொன்பது. புதன் இருபத்திரண்டு. வியாழன் காலை இருபத்து நான்கு. "வெயில் ஏறுது, போர்ல உப்பு ஏறுது" என்று மேடமே சொன்னார். நான் தலையாட்டினேன். வியாழன் காலை போர் அரை மணி நேரம் ஓடி நின்றது. தொட்டியில் இருந்தது பெரும்பாலும் நான் திருப்பிவிட்ட தண்ணீர். அதே உப்பு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

காலை ஷிஃப்ட் முடிந்தபோது எண் இருபத்தைந்தைத் தொட்டு நின்றது. பன்னிரண்டேகாலுக்கு மேடம் போய்ப் பார்த்தால் நாற்பத்தொன்று.

அந்த நேரத்தில்தான் கோவிந்தம்மாள் அக்கா அண்ணனைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். திங்கட்கிழமை அவர் வரவில்லை. தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து. அங்கே பந்தியும் உண்டு, செந்தூரா மாம்பழமும் உண்டு.

"எத்தன சாப்பிட்டீங்கண்ணா?"

"ரெண்டே ரெண்டுங்க."

"நாலு" என்றார் அக்கா. "எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

மாம்பழத்தில் பொட்டாசியம் அதிகம். நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை, சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். தள்ள ஆள் இல்லாத உடம்பில் அது ரத்தத்தில் ஏறி இதயத்தின் துடிப்பையே குலைக்கும். அண்ணன் படுக்கையில் சாய்ந்துகொண்டு, "தம்பி, காலு ரெண்டும் யாரோ வேற ஆளோட காலு மாதிரி இருக்குது" என்றார். வழக்கமான கிண்டல் இல்லை. ஈ.சி.ஜி. எடுத்தோம். கூடாரம் மாதிரிக் கூர்கூராக அலைகள் எழும்பியிருந்தன. ரத்தச் சோதனையில் பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது.

டியூட்டி டாக்டர் ஓடி வந்து ஊசி போட்டார். கால்சியம், பிறகு குளுக்கோஸோடு இன்சுலின். கால்சியம் இதயத்தைக் கொஞ்ச நேரம் காக்கும், இன்சுலின் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்களுக்குள் கொஞ்ச நேரம் ஒளித்து வைக்கும், அவ்வளவுதான். உடம்பை விட்டு வெளியேற்றாது. சேலத்துக்குப் போன் போட்டார். தொப்பூர் கணவாய் தாண்டிப் போக வேண்டும், போனாலும் அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் ஓர் இயந்திரம் காலி. "ரெண்டு மூணு மணி நேரம் புடிச்சு வெக்கலாம் மேடம். அதுக்குள்ள உங்க மெஷின் ஓடணும்" என்றார்.

ஆக, மதியம் மூன்று, மூன்றரைக்குள் எங்களுக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் மாதையன் அண்ணன் இல்லை.

மேடம் சர்வீஸ்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "நாப்பத்தொண்ணா? மெம்பரேன் போயிருச்சுங்க. புதுசுதான் மாத்தணும். சனிக்கிழமை ஆயிரும்" என்றது போன். மேடம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சக்தி, திங்கக்கெழமைக்கும் இன்னைக்கும் நடுவுல என்ன மாறுச்சு?"

நான் தெரியாது என்று சொல்லவில்லை. குளோரினை வடிக்கிற கார்பன் தொட்டியைப் பார்க்கிறேன் என்று பின்னறைக்குப் போனேன். ஹோஸ் அங்கே தொட்டிக்குள் சலசலத்துக்கொண்டிருந்தது. கழற்றிச் சுருட்டி ஒளித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மெம்பரேன் மேல் பழி போகும். பத்து நிமிடம் அங்கேயே நின்றேன் என்று நினைக்கிறேன். வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன். அண்ணனைப் பற்றி யோசிக்கவில்லை. இதை எழுதவே கூசுகிறது.

ஜன்னல் வழியாகக் கோவிந்தம்மாள் அக்கா குரல் கேட்டது. "ஏங்க, எதாச்சும் பேசுங்க. என்னை வையவாச்சும் வைங்க."

நான் போய் மேடத்திடம் சொன்னேன்.

"கழிவுத் தண்ணிய நாந்தான் தொட்டிக்குத் திருப்பி விட்டேன் மேடம். வீணாப் போவுதேன்னு."

"ஒந்து, எரடு, மூரு" என்று உதடு அசைந்தது. "எப்ப இருந்து?"

"திங்கக்கெழம மதியம்."

"மணி?"

"ரெண்டேகால்."

அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். அவர் மூச்சு விட்டார். "அப்ப மெம்பரேன் போகல. தண்ணிதான் கெட்டிருக்குது. தண்ணிய மாத்துனா ஓடும். நல்லவேள சொன்னீங்க. ஹோஸக் கழட்டுங்க, தொட்டியத் தொறந்து விடுங்க."

"மொத்தமுமா மேடம்?"

"மொத்தமும்."

நாலாயிரம் லிட்டர். வால்வைத் திறந்துவிட்டேன். தெருவழியே ஓடுகிற தண்ணீரைப் பார்த்துப் பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். குடிக்காதீங்க, துணி மட்டும் அலசுங்க என்று வாசலில் நின்று கத்திக் கத்திச் சொன்னேன். ஒரு அம்மா, "குடிக்கற தண்ணியில்லைன்னா அப்பறம் எதுக்குடா ஆஸ்பத்திரில வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்.

அடுத்த பிரச்சினை, புதுத் தண்ணீர். டேங்கர்காரரிடம் மேடம் போனில் "எந்த ஊருத் தண்ணி?" என்று கேட்டார். "தண்ணி தண்ணிதாங்க மேடம், எந்த ஊருன்னா என்ன?" என்றார் அவர். உப்பேறிய தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினால் மறுபடி முதலிலிருந்து. மேடம் மறுபடி எண்ண ஆரம்பித்தார். படுக்கையிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"டீச்சரம்மா. அதியமான்கோட்டைக்கு இக்கட்டா, நம்ம பக்கமா, ரோட்டோரம் பஞ்சர் கடை. அதுக்குப் பின்னால ஒரு வூடு. நான் போட்ட போரு. ஐநூத்தி நாப்பது அடி. சோப்புப் போட்டா நொரை போவவே போவாதுங்க. அவ்வளவு மெதுவு."

ஊசி வேலை செய்திருந்தது, பேச்சு வந்திருந்தது. அந்த வீட்டுப் போன் எண்ணும் அவருக்கு நினைவில் இருந்தது. அக்கா போனை அவர் காதில் பிடித்துக்கொண்டார்.

"யாருப்பா, நாந்தான் போர் வண்டி மாதையன். … சாவலப்பா, இன்னும் இருக்கறேன். அன்னைக்கு நீ ஐநூறு அடியில நிறுத்துன்னு சண்டைக்கு வந்த. நாந்தான் இன்னும் ரெண்டு ராடு, நாப்பது அடி, எறக்குன்னு எறக்குனேன், ஞாபகம் இருக்குதா? அந்த ரெண்டு ராட்டுத் தண்ணிய இப்பக் கேக்கறேன். டேங்கர் வருது. மோட்டாரப் போடு."

வெளியே பெஞ்சில் இருந்த மூன்று பேரிடமும் மேடமே போய் நிலைமையைச் சொன்னார். மூவருக்கும் திங்கட்கிழமை டயாலிசிஸ் ஆகியிருந்தது; ஒரு நாள் தாங்கும். "அவரப் பாருங்கம்மா மொதல்ல, நாங்க காலையில வர்றோம்" என்று எழுந்து போனார்கள். அதில் ஒருவர் பென்னாகரம் தாண்டிப் போக வேண்டியவர்.

டேங்கர் வந்தபோது மணி ஒன்று ஐம்பது. தொட்டியைக் கழுவி, நிரப்பி, பிளாண்டை ஓட்டி, முதலில் வந்த தண்ணீரையெல்லாம் வெளியே விட்டோம். நாற்பத்தொன்று முப்பத்தாறானது. முப்பத்தொன்று. அதிலேயே வெகுநேரம் நின்றது. டியூட்டி டாக்டர் இரண்டாவது முறை ஊசி போட்டுவிட்டு வாசலில் நின்று எங்களையே பார்த்தார். இருபத்தேழு. இருபத்து நான்கு.

"போதும் மேடம், இருபத்தஞ்சுக்குக் கீழ வந்துருச்சு" என்றேன்.

"இன்னும் கொஞ்சம். அப்பறம் சீட்டு."

அந்த அவசரத்திலும் சீட்டு. பத்தொன்பதில் எண் அசையாமல் நின்றதும் குப்பியில் தண்ணீர் பிடித்தார், சொட்டு விட்டார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று எழுதினார். நான் குப்பியை ஜன்னலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். நீலமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட கண்ணால் பார்க்கக் கூடாது என்று ஒரு முறை கண்ணை மூடித் திறந்தேன். எழுதினேன். பிரித்தோம். நீலம், நீலம்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு அண்ணன் கையில் ஊசி ஏறியது. ரத்தம் ஒரு பக்கம், தண்ணீர் எதிர்ப்பக்கம். ஒரு மணி நேரத்தில் ஈ.சி.ஜி.யில் கூடாரங்கள் சாய ஆரம்பித்தன. இரண்டாம் மணி நேரத்தில் அண்ணன் தன் கால் கட்டைவிரலை அசைத்துப் பார்த்துவிட்டு, "ஆங், இது எங்காலுதான்" என்றார். கோவிந்தம்மாள் அக்கா அப்போதுதான் அழுதார்.

மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று போனேன். "அவருகிட்ட நீங்களே சொல்லிருங்க. என்ன நடந்துதுன்னு தெரிஞ்சுக்கற உரிமை அவருக்கு இருக்குதில்லைங்களா?" என்றார்.

சொன்னேன். ஹோஸ், தொட்டி, பத்து நிமிடம் பின்னறையில் நின்றது, எல்லாம். அண்ணன் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப, என் கிட்னி எனக்குச் செஞ்சத நீ அந்த மெஷினுக்குச் செஞ்சுருக்கற."

"ஆமாங்கண்ணா."

"மாம்பழத்த விட எனக்கு மனசு வரல. தண்ணிய விட உனக்கு மனசு வரல." பிறகு என் பக்கம் திரும்பி, "காய்ஞ்ச ஊர்ல பொறந்தா இப்படித்தான்" என்றார்.

"காய்ஞ்ச ஊர்ல பொறந்து எதுக்கு நாலு மாம்பழம்?" என்றார் அக்கா.

மறுநாள் டாக்டர் வந்ததும் மேடம் அறிக்கை சொன்னார். "கழிவுக் குழாயை நாங்க தொட்டிக்குத் திருப்பிட்டோம் சார், தப்பாயிருச்சு." நாங்க என்றார். நான்தான் குறுக்கே புகுந்து, "நான் சார்" என்றேன். டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார்.

அதற்கடுத்த வாரம் மேடம் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். என் ஹோஸை அவர் தூக்கி எறியவில்லை. தனியாக ஒரு தொட்டி வாங்கி வைக்கச் சொல்லி, கழிவுத் தண்ணீரை அதில் விட்டு, தரை துடைக்கவும் கக்கூஸுக்கும் அதிலிருந்து குழாய் இழுத்தார். "உங்க யோசன சரிதாங்க சக்தி. போய்ச் சேர்ந்த எடந்தான் தப்பு" என்றார். உங்கள் புத்தகத்தில் பாருங்கள், சிறுநீரகமும் அதைத்தான் செய்கிறது. யூரியா கழிவுதான். ஆனால் அதில் ஒரு பங்கை உள்பகுதியில் தேக்கி வைத்து, தண்ணீரை இழுத்து மிச்சம் பிடிக்க அதையே பயன்படுத்துகிறது. கழிவை உபயோகிக்கலாம், ரத்தத்தில் சேரவிடக் கூடாது. எனக்கு இது பாடத்தில் புரியவில்லை. மாதையன் அண்ணனின் கால் கட்டைவிரல் அசைந்த அன்று புரிந்தது. அவர் இன்னும் திங்களும் வியாழனும் வருகிறார். எண்ணுகிற வேலையை அக்கா விடவில்லை.

போன மாதம் நான் விடைபெற்ற அன்று, மேடம் அந்த வருடத்துத் தண்ணீர்க் கணக்கு நோட்டை எடுத்து அந்த வாரத்துப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். என் கையெழுத்தில் நான் எழுதியதுதான். மிச்சம் பிடிக்க நினைத்தது, மூன்று நாளில், ஆறாயிரம் லிட்டர். தொட்டியிலிருந்து தெருவில் விட்டது நாலாயிரம். புதுத் தண்ணீரில் பிளாண்டை அலசிக் கொட்டியது மூவாயிரத்து இருநூறு. சனிக்கிழமை சர்வீஸ்காரர் வந்து மெம்பரேனைக் கழுவியது ஆயிரத்து எண்ணூறு. ஆக மொத்தம் வீணானது ஒன்பதாயிரம் லிட்டர். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பதினைந்து லிட்டர்க் குடத்தில் பத்துக் குடம். அப்படிப் பார்த்தால் இரண்டு மாதத்துத் தண்ணீர்.